செகண்ட் ஹேண்ட் டேப் டெக் வாங்கலாமா? எட்டு மாசமா ஓட்டுறவன் சொல்றேன்

மொதல்ல விலைய சொல்லிடுறேன், ஏன்னா ரிவ்யூ படிக்கும்போது எனக்கும் கண்ணு அத தேடித்தான் ஓடும். டெக் 6,500 ரூவா. அப்புறம் ரிப்பேருக்கு 2,800. ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் ஏற்கனவே வீட்டுல இருந்துச்சு, அந்த செலவு மிச்சம். ஆக மொத்தம் 9,300 ரூவா குடுத்து, மாசம் நூத்தி சொச்சம் கட்டினா உலகத்துல உள்ள பாட்டெல்லாம் போன்ல வந்து கொட்டுற காலத்துல, 45 நிமிஷத்துக்கு ஒரு தடவ எந்திரிச்சு போயி கேசட்ட திருப்பிப் போட வேண்டிய ஒரு பெட்டிய வாங்கி வச்சிருக்கேன். வீட்டம்மா இத கேட்டுட்டு ஒண்ணுமே சொல்லல. அதுதான் பயமா இருந்துச்சு.

எந்த கம்பெனி எந்த மாடல்னு சொல்லப் போறதில்ல. பேரு வெளிய வந்தா அந்த மாடல் விலை எகிறிடும், பழைய பிலிம் கேமராவுக்கு நடந்தத பாத்துட்டேன். அதோட நான் கீழ சொல்லப் போற வியாதி எதுவும் ஒரு கம்பெனிக்கு மட்டும் சொந்தமில்ல, முப்பது வருஷம் மூலைல கெடந்த எந்த டெக்குக்கும் வர்றதுதான், அதுக்கு ஒருத்தர மட்டும் இழுக்குறது நியாயம் கிடையாது. 90கள்ல வந்த ஜப்பான் செட், ஒத்த கேசட் போடுறது, ரெண்டு ஹெட் (நாடாவ தொட்டு அழிக்க ஒண்ணு, பதியவும் பாடவும் ஒண்ணு), நாடா இரைச்சல கொறைக்கிற டால்பி பி, சி ரெண்டும் இருக்கு, முன்னாடி பச்சையும் சிவப்புமா ஏறி எறங்குற லெவல் மீட்டர் இருக்கு. அந்த மீட்டருக்கே பாதி காசு குடுக்கலாம்.

டெக்குன்னா டேப் ரெக்கார்டர்னு நெனச்சு வாங்கிட்டு வந்து பிளக் சொருகி, சத்தம் வரலன்னு முழிச்சவங்கள எனக்கு தெரியும். டெக்குல ஸ்பீக்கரும் கிடையாது ஆம்ப்ளிஃபயரும் கிடையாது. பின்னாடி சிவப்பு வெள்ளைன்னு ஓட்டை இருக்கும், அதுல ஒயர் சொருகி ஆம்ப்ளிஃபயருக்கு கொண்டு போகணும். அது இல்லாதவங்க டெக் பக்கமே வராதீங்க, ரேடியோவும் டேப்பும் ஸ்பீக்கரும் சேந்த ஒரு நல்ல டூ-இன்-ஒன் பாத்து வாங்கிக்கோங்க.

சரி, எனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை? எங்கிட்ட 140 கேசட் இருக்கு. அதுல பாதிக்கு மேல எங்க மாமா பதிஞ்சது. மாமா சவுதில தம்மாம்ல வேலை பாத்தாரு, 1982ல மொத லீவுக்கு வரும்போது ஒரு மோனோ ரெக்கார்டர் கொண்டாந்தாரு, டிபன் பாக்ஸ படுக்க வச்ச மாதிரி தட்டையா, முன்னாடி பியானோ கட்டை மாதிரி பட்டன் வச்சது. அதுல ரேடியோ கிடையாது. அதனால திண்டுக்கல்லுல அம்மாச்சி வீட்டு மரப்பெட்டி ரேடியோவுக்கு முன்னாடி இத ஸ்டூல் போட்டு வச்சு, ரேடியோ பாடுறத இதோட மைக் வழியா பிடிக்கிறது. அந்த நேரத்துல வீட்டுல யாரும் மூச்சு விடக்கூடாது. ஆனா அது வீடு, அதுவும் அம்மாச்சி வீடு. ஒரு கேசட்டுல சோகப் பாட்டு ஒண்ணு உச்சத்துக்கு போற நேரத்துல அம்மாச்சி பால்காரர பிடிச்சு "என்னய்யா, பாலுக்கு தண்ணி ஊத்துனியா தண்ணிக்கு பால் ஊத்துனியா"ன்னு கேக்குறதும், மாமா பல்ல கடிச்சுக்கிட்டு "யம்மா... ரெக்கார்டு ஆகுது யம்மா"ங்குறதும் தெளிவா கேக்கும். அந்த பாட்டு எங்க தேடினாலும் கிடைக்கும், சுத்தமா, பளபளன்னு. பால்காரர் கிடைக்க மாட்டாரு.

மத்ததுல கம்பெனி கேசட்டு போக மீதியெல்லாம் 80கள் கடைசில பாட்டு பதிஞ்சு குடுக்குற கடையில குடுத்து வாங்கினது. நீள நோட்டுல பேப்பர் கிழிச்சு லிஸ்ட் எழுதிட்டு போகணும், நைன்ட்டின்னா, அதாவது 90 நிமிஷ கேசட்டுன்னா, சைடுக்கு எட்டோ ஒம்பதோ பாட்டு புடிக்கும், கடைசில "இடம் இருந்தா" அப்படின்னு கோடு போட்டு கீழ ரெண்டு பாட்டு எழுதுவாரு மாமா. அந்த "இடம் இருந்தா" பாட்டெல்லாம் பாதில வெட்டிடும். ராஜா பாட்டு ஒண்ணுல ரெண்டாவது சரணம்னு ஒண்ணு இருக்குங்குறதே எனக்கு காலேஜ் போனப்புறம்தான் தெரியும்.

இந்த கேசட்ட எல்லாம் போட்டு கேக்க ஒண்ணு வேணும், அவ்வளவுதான். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட், மூர் மார்க்கெட்டுன்னு இன்னைக்கும் எல்லாரும் சொல்ற சென்ட்ரல் பக்கத்து அல்லிக்குளம் காம்ப்ளக்ஸ், ஆன்லைன் விளம்பரம் எல்லாம் நாலு மாசம் பாத்தேன். கடைசில ஒரு கடையில (எந்த கடைங்குறது வேணாம்) இத எடுத்தேன். கடைக்காரர் "சர்வீஸ் பண்ணது சார், கைய வைக்கவே வேணாம்"னாரு. ஒரு கேசட்ட போட்டாரு, பாடுச்சு, எனக்கு அந்த மீட்டர் ஏறி எறங்குறத பாத்ததும் புத்தி மழுங்கிடுச்சு, காச குடுத்துட்டேன். ரீவைண்ட் போட்டு பாக்கல. ஃபார்வேர்டு போட்டு பாக்கல. கேசட்டோட ஆரம்பம், நடு, கடைசின்னு மூணு இடத்துலயும் ஓட்டி பாக்கல. நீங்க பாருங்க.

ஒண்ணே ஒண்ணு மட்டும் உருப்படியா செஞ்சேன், பின்னாடி திருப்பி வோல்டேஜ் பாத்தேன். இத கொஞ்சம் நின்னு சொல்றேன், ஏன்னா இதுலதான் நெறய நல்ல செட்டு சாகுது. ஜப்பான்லயே விக்கிறதுக்கு செஞ்ச பீஸ்னா 100 வோல்ட்டு. அமெரிக்கா பீஸ்னா 120. அத கொண்டாந்து நம்ம ஊரு 230ல நேரா சொருகினா மொத நிமிஷமே புகை. அதுக்கு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் தனியா வாங்கணும். வளைகுடா பக்கம் வித்த பீஸ்ல பெரும்பாலும் பின்னாடி ஒரு சின்ன செலக்டர் இருக்கும், ஸ்க்ரூ டிரைவர் வச்சு 110க்கும் 220க்கும் திருப்புற மாதிரி. என்னோடது அந்த வகை. செலக்டர் சரியாதான் இருந்துச்சு, ஆனா வீட்டுக்கு வந்து பிளக் சொருகுறதுக்கு முன்னாடி இன்னொரு தடவ பாத்தேன், அதுக்கு அப்புறம் இன்னொரு தடவ.

மொத நாள் ராத்திரி, மாமா கேசட்ட நேரா போட மனசு வரல, பக்கத்து வீட்டுல குப்பைக்கு எடுத்து வச்சிருந்த ஐயப்பன் பாட்டு கேசட்ட வாங்கி போட்டேன். பத்து நிமிஷம் அமோகம். பதினோராவது நிமிஷம் பாட்டு ஒரு மாதிரி முனகுச்சு, அப்புறம் நின்னுச்சு. கதவ தெறந்தா உள்ள நாடா இடியாப்பம் மாதிரி பிழிஞ்சு கெடக்கு. சாமியே சரணம்னு கத்திரிக்கோல எடுத்தேன். ஏன் இப்படி ஆகுதுன்னா, நாடாவ இழுக்குறது ஒருத்தன், இழுத்தத சுருட்டுறது இன்னொருத்தன். கேப்ஸ்டன்னு ஒரு ஊசி மாதிரி கம்பி, அது மேல பிஞ்ச் ரோலர்னு ரப்பர் உருளை அழுத்தும், இது ரெண்டும் சேந்துதான் செகண்டுக்கு 4.76 செண்டிமீட்டர்ங்குற கணக்குல நாடாவ தள்ளி விடுது. அந்தப் பக்கம் சுருட்டுற சக்கரத்துக்கு பெல்ட் வழுக்கிடுச்சுன்னா தள்ளுறவன் தள்ளிக்கிட்டே இருப்பான், சுருட்டுறவன் தூங்கிடுவான், நடுவுல இடியாப்பம்.

இனிமே சொல்லப்போறதுதான் இந்த ரிவ்யூவுல முக்கியமானது. டெக்க தேடுறதுக்கு முன்னாடி மெக்கானிக்க தேடுங்க. நான் தலைகீழா பண்ணேன். ரிச்சி ஸ்ட்ரீட் போயி நாலு கடையில கேட்டேன், மூணு பேரு சிரிச்சாங்க, நாலாவது ஆளு ஒரு சந்த காட்டி மாடிப்படிய காட்டினாரு. மேல ஒரு அண்ணன், அறுபது வயசு தாண்டியிருக்கும், சுத்தியும் மொபைல் சார்ஜரா கெடக்கு, ஆனா அலமாரில மேல் தட்டுல மட்டும் டெக்கு, ஸ்பூல் டேப்புன்னு அடுக்கி வச்சிருக்காரு. டெக்க மேசையில வச்சதும் மூடிய கழட்டி மொத மூக்க கொண்டு போயி மோந்து பாத்தாரு. "பெல்ட்டு தாரா ஒழுகிருச்சு தம்பி"ன்னாரு. அப்புறம்தான் எட்டிப் பாத்தேன், பெல்ட் இருக்க வேண்டிய சக்கரம் பூரா கருப்பா தார் ரோடு போட்ட மாதிரி அப்பியிருக்கு. சர்வீஸ் பண்ண செட்டாம்.

அந்த தார ஸ்பிரிட்டும் பட்ஸும் வச்சு வழிச்சு எடுக்கவே அவருக்கு ஒரு மணி நேரம் ஆச்சு. விரல்ல பட்டா சோப்பு போட்டாலும் போகாது, எனக்கு ரெண்டு நாளு நகக்கண்ணுல இருந்துச்சு. புது பெல்ட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் கவர கவுத்தாரு, மேசை பூரா கருப்பு ரப்பர் வளையம், சின்னதும் பெருசுமா, அதுல ஒவ்வொண்ணா எடுத்து சக்கரத்துல மாட்டி விரலால சுண்டி பாக்குறாரு, வீணைக்கு தந்தி பாக்குற மாதிரி. ரொம்ப தொளதொளன்னு இருந்தா வழுக்கும், ரொம்ப இறுக்கமா இருந்தா மோட்டார் பேரிங் தேயுமாம். நாலாவது வளையம் சரியா இருந்துச்சு. பிஞ்ச் ரோலர் கண்ணாடி மாதிரி வழவழன்னு ஆகியிருந்தத சன்னமான உப்புத்தாள்ல தேச்சு ரப்பர் மாதிரி ஆக்கினாரு. ஹெட்டு மேல நகத்த வச்சு மேலருந்து கீழ இழுத்து பாத்தாரு, பள்ளம் விழுந்திருந்தா நகம் தட்டுமாம், தட்டல. "ஹெட்டு போயிருந்தா நான் கைய வச்சிருக்க மாட்டேன், உங்ககிட்ட காசு வாங்குறது பாவம்"னாரு.

ஸ்பீடு பாக்குறதுக்கு அவர்கிட்ட ஒரு கேசட் இருக்கு, அதுல பாட்டே கிடையாது, 3,150 ஹெர்ட்ஸ்ல கூஊஊன்னு ஒரே சத்தம். போன்ல ஒரு ஆப்ப தெறந்து பக்கத்துல வச்சாரு, 3,240 காட்டுச்சு. அதாவது நூத்துக்கு மூணு வேகம் கூட. கேக்கும்போது பெருசா தெரியாது, ஆனா ஒண்ணரை கட்டையில பாடினவரு ஒண்ணே முக்காலுக்கு ஏறி நிக்கிறாருன்னு அர்த்தம். மோட்டாருக்கு பின்னாடி ஒரு சின்ன ஓட்டை, அதுக்குள்ள பல்லுகுத்துற குச்சி அளவு ஸ்க்ரூ டிரைவர விட்டு ஒரு மயிரிழை திருப்பினாரு, 3,150க்கு வந்து உக்காந்துச்சு.

அப்புறம் கேட்டாரு, "உங்க கேசட்டு ஏதாவது கொண்டாந்தீங்களா, எதுக்காக இத வாங்குனீங்களோ அது." பைல மாமாவோட கேசட் ஒண்ணு இருந்துச்சு, மேல சிவப்பு மைல 1983ன்னு எழுதினது. போட்டாரு. பாட்டு வருது, ஆனா வாய்ல துணிய வச்சுக்கிட்டு பாடுற மாதிரி இருக்கு. "பாட்டு வேணாம், யாராவது பேசுற இடம் இருக்கான்னு பாப்போம்"னு ஃபார்வேர்டு பண்ணி பண்ணி ஒரு இடத்துல நிறுத்தினாரு. ஆகாஷவாணி. செய்திகள். வாசிப்பது சரோஜ் நாராயண்சுவாமி.

அண்ணன் மூஞ்சி மலந்துடுச்சு. "இதவிட நல்ல டெஸ்ட் கேசட்டு யாரும் செய்ய முடியாது தம்பி. ஷவும் சவும் ஜவும் மொத மூச்சுலயே வந்துடுது பாருங்க. கண்ண மூடிட்டு கேளுங்க, எப்ப கூர்மையா வருதோ அப்ப சொல்லுங்க." ஹெட்டுக்கு பக்கத்துல அசிமத் ஸ்க்ரூன்னு ஒண்ணு இருக்கு, ஹெட்டு நாடாவுக்கு நேர் குத்தா நிக்கணும், துளி சாஞ்சாலும் மேல் சத்தம் (ட்ரெபிள்) செத்துடும். அதுலயும் பழைய மோனோ கேசட்ட ஸ்டீரியோ டெக்குல போடும்போது இது இன்னும் அப்பட்டமா தெரியும். நாடா அகலமே நாலு மில்லிமீட்டர் கூட வராது, அதுல ஒரு சைடுக்கு பாதி. அந்த பாதியில ஸ்டீரியோன்னா லெஃப்டும் ரைட்டும் பக்கத்து பக்கத்து கோடு, மோனோ மெஷின் அந்த ரெண்டு கோட்டையும் சேத்து ஒரே பட்டையா பதியும், அதனாலதான் மோனோ கேசட் ஸ்டீரியோலயும் ஸ்டீரியோ கேசட் மோனோலயும் தகராறு இல்லாம பாடுது. ஆனா ஹெட்டு சாஞ்சு இருந்தா ஒரே சத்தம் ரெண்டு கோட்டுலயும் முன்ன பின்ன வரும், சேத்து கேட்டா ஒண்ண ஒண்ணு தின்னுடும். அண்ணன் திருப்ப திருப்ப அந்த குரல் ஒரு திரைக்கு பின்னாடி இருந்து மெதுவா வெளிய வந்து, ஒரு இடத்துல எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல உக்காந்து செய்தி வாசிக்கிற மாதிரி ஆயிடுச்சு. நான் "அங்கதான்"னு சொல்றதுக்குள்ள அவரே கைய எடுத்துட்டாரு. ஸ்க்ரூ மொத நின்ன இடத்துல ஏற்கனவே வெள்ளை க்யூடெக்ஸ்ல புள்ளி வச்சிருந்தாரு, புது இடத்துக்கு சிவப்பு. "கம்பெனி கேசட்டு கேக்கும்போது வெள்ளைக்கு வாங்க, மாமா கேசட்டுக்கு சிவப்புக்கு போங்க"ன்னாரு. டெக்க வாங்கின செலவ விட இந்த 2,800 ரூவா எனக்கு சல்லிசுன்னு தோணுச்சு.

இப்ப சவுண்டு. நெறய பேரு கேசட்டுல ஒரு வெதுவெதுப்பு இருக்கு, டிஜிட்டல்ல அது கிடையாதுன்னு பேசுறாங்க. எனக்கு அப்படி ஒண்ணும் படல, சொன்னா கோவிச்சுக்காதீங்க. சாதா கேசட்டுல பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி சூடான தோசைக்கல்லுல தண்ணி தெளிச்ச மாதிரி ஸ்ஸ்ஸ்னு ஒரு இரைச்சல் இருக்கத்தான் செய்யுது. டால்பி போட்டு பதிஞ்சத டால்பி போட்டு கேட்டா அது நல்லாவே கொறையும், பி-ல ஒரு அளவு, சி-ல இன்னும் கூட. ஆனா எங்கிட்ட இருக்குற பழைய கம்பெனி கேசட்டுல பாதிக்கு டால்பி முத்திரையே இல்ல, அதுல போயி டால்பி சுவிட்ச போட்டீங்கன்னா பாட்டு மேல கம்பளிய போத்தின மாதிரி ஆயிடும். முத்திரை இருக்குற கேசட்டுக்கே எங்க ஊர்ல டால்பிய ஆஃப் பண்ணிட்டுதான் கேப்பாங்க, சிலுசிலுன்னு நல்லா வருதேன்னு.

ஆனா நல்ல நாடாவுல, நல்லா பதிஞ்சத போட்டா இது ஆச்சரியப்படுத்தும். ஒரு பழைய டிடிகே எஸ்ஏ கேசட்டுல, அது ரெண்டாம் டைப் நாடா, சாதாவ விட ஒசத்தி, மேல கூடுதலா ரெண்டு பள்ளம் இருக்கும், டெக்கு அத தடவிப் பாத்தே டைப்ப கண்டுபிடிச்சுக்கும், அதுல சிடிலேருந்து நானே பதிஞ்சு பாத்தேன், மகன கூப்பிட்டு கண்ண கட்டி மாத்தி மாத்தி போட்டேன், அவனும் முழிக்கிறான் நானும் முழிக்கிறேன். எங்க மாட்டிக்கும்னா நாதஸ்வரத்துல. நீளமா ஒரு ஸ்வரத்த பிடிச்சு நிக்கிற இடத்துல துளி ஆட்டம் இருந்தாலும் காட்டிக் குடுத்துடும், வித்வான் ஊஞ்சல்ல உக்காந்து வாசிச்ச மாதிரி. டெக்கு வாங்க போறவங்க ஒரு நாதஸ்வர கேசட்ட கையில எடுத்துட்டு போங்க, குத்துப் பாட்ட போட்டு பாத்தா எல்லா டெக்கும் நல்ல டெக்குதான்.

கேசட்ட உண்டாக்குன ஆளே இத பெருசா பேசல. பிலிப்ஸ் கம்பெனில லூ ஓட்டன்ஸ்னு ஒரு டச்சுக்காரரு, கோட்டுப் பையில அடங்குற அளவு இருக்கணும்னு ஒரு மரக்கட்டைய வெட்டி பையிலயே போட்டுக்கிட்டு அளவு பாத்தாராம், கடைசில ஒரு நாளு காரு டயரு மாத்துறப்போ ஜாக்கிக்கு முட்டு குடுத்து அந்தக் கட்டை தொலைஞ்சே போச்சு. 1963ல பெர்லின்ல கேசட்ட காட்டினாங்க. அப்புறம் அதே மனுஷன் சிடி வேலைலயும் இருந்தாரு, சிடிதான் ஒசத்தின்னு அவரே சொல்லிட்டாரு. 2021ல 94 வயசுல போயி சேந்தாரு. அவருக்கே இல்லாத பாசம் நமக்கு எதுக்கு வருதுன்னா, பாட்டால இல்ல. சொல்றேன்.

டெக்க வீட்டுக்கு கொண்டாந்து அந்த 1983 கேசட்ட மொதல்லருந்து போட்டேன். திருச்சி ஸ்டேஷன்ல பாட்டு போயிட்டு இருக்கு. பின்னாடி சன்னமா ஒரு ஃபேன் சத்தம், அது ஃபேன்னு அப்ப எனக்கு தெரியல, நாடா இரைச்சல்னு நெனச்சேன். மூணாவது பாட்டு பல்லவி முடியிற இடத்துல பாட்டு பட்டுன்னு நிக்குது. போச்சு, நாடா அறுந்துடுச்சுன்னு எந்திரிச்சேன். டெக்கு ஓடிட்டுதான் இருக்கு. அப்பதான் ஃபேன் சத்தம் கொஞ்சம் கொஞ்சமா எறங்கி எறங்கி நிக்கிறது கேக்குது. கரண்டு போயிருக்கு. மரப்பெட்டி ரேடியோ கரண்டுல ஓடுறது, அது நின்னுடுச்சு. மாமாவோட ரெக்கார்டர் பேட்டரில ஓடுது, அது பாட்டுக்கு பதிஞ்சுக்கிட்டே இருக்கு. யாரும் நிறுத்தல. அம்மாச்சி எங்கயோ உள்ளேருந்து "போயிருச்சா"ங்குறாங்க. ஒரு நாற்காலி இழுபடுது. வெளிய ரோட்டுல சைக்கிள் மணி. குக்கர் ரெண்டு விசில் அடிக்குது. எங்கம்மா, அப்ப கல்யாணம் ஆகாத பொண்ணு, "மூணு விசிலாச்சா நாலா"ன்னு கேக்குறாங்க, யாரோ "எண்ணல"ங்குறாங்க. கிட்டத்தட்ட நாலு நிமிஷம் இப்படியே போகுது. அப்புறம் மறுபடியும் ஃபேன் முனகுது, ரேடியோ சூடாகி மெதுவா உயிர் வருது, அதுக்குள்ள பாட்டு நேரம் முடிஞ்சு போச்சு, ஆகாஷவாணி, செய்திகள். அப்பதான் மாமாவுக்கு உறைச்சிருக்கு, ரெண்டு வரி செய்தி போனதும் டக்குன்னு பட்டன் அமுங்குற சத்தம்.

மாமாவுக்கு போன் போட்டேன். இப்ப திண்டுக்கல்லுலதான் இருக்காரு, 70 தாண்டிடுச்சு. "மாமா, சிவப்பு மைல 1983ன்னு போட்டிருக்கே, அது"ன்னேன். "அது வேஸ்ட்டு கேசட்டு மாப்ள, கரண்டு போயி கெட்டுப் போச்சு, மேல வேற பாட்டு பதியணும்னு வச்சிருந்தேன், மறந்துட்டேன்"னாரு. அம்மாவுக்கு போன்லயே போட்டு காட்டினேன். கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "அன்னைக்கு பருப்பு கொழைஞ்சு போச்சு"ன்னாங்க.

இப்ப கொற. எடம் அடைக்கும், கனம் வேற. பாட்டு தேடுற வசதின்னு ஒண்ணு இருக்கு, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல இருக்குற மௌனத்த வச்சு அடுத்த பாட்ட கண்டுபிடிக்கும், மாமா கேசட்டுல மௌனமே கிடையாதுங்குறதால அது திண்டுக்கல் பூரா சுத்திட்டு கடைசில போயி நிக்கும். பத்து கேசட்டுக்கு ஒரு தடவ ஹெட்டையும் ரோலரையும் துடைக்கணும், பழைய நாடாவுலேருந்து பழுப்புத் தூள் உதிர்ந்துக்கிட்டே இருக்கும், துடைக்கலன்னா மறுபடியும் துணி வச்சு பாடும். கேசட்டுக்குள்ள நாடாவ ஹெட்டோட அழுத்துற சின்ன பஞ்சு ஒண்ணு இருக்கு, சின்ன உலோகத் தகடு மேல ஒட்டியிருக்கும், அது பழசுல விழுந்துடும், எங்கிட்ட 140ல பதினேழுக்கு விழுந்துடுச்சு. அஞ்சு ஸ்க்ரூ போட்ட கேசட்டுன்னா கழட்டி வேற கூட்டுக்கு மாத்திடலாம், ஒட்டி சீல் பண்ணதுன்னா பிளேடு வச்சு பொளக்கணும், அதுக்கு பொறுமை வேணும், எனக்கு ரெண்டு தடவ ரத்தம் வந்துச்சு. அறுந்த நாடாவ ஒட்ட செல்லோடேப் போடாதீங்க, சின்ன வயசுல நாம எல்லாரும் போட்டோம், வருஷம் போகப் போக அந்த பசை கசிஞ்சு அடுத்த சுத்தையும் பிடிச்சுக்கும்.

சென்னைல இருக்கவங்களுக்கு பூஞ்சை ஒரு தனி வியாதி. கேசட்டோட ஜன்னல் வழியா பாத்தா நாடா சுருள் மேல வெள்ளையா மாவு தூவின மாதிரி இருக்கும், அத அப்படியே டெக்குல போட்டீங்கன்னா ஹெட்டுக்கு ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். அத தனியா எடுத்து வச்சுடுங்க. மத்தத செருப்பு டப்பாவுல வர்ற சிலிக்கா பொட்டலத்தோட மூடி போட்ட டப்பாவுல வைங்க, பீரோவுக்கு மேல வேணாம்.

புதுசு வாங்கலாமான்னா, புது வாக்மேன், புது பிளேயர் எல்லாம் இப்ப வரத்தான் செய்யுது, வெளிநாட்டு பாடகருங்க மறுபடியும் கேசட் விடுறாங்க, வெறும் நாடா கூட அமெரிக்காவுல மிசூரி பக்கம் ஸ்பிரிங்ஃபீல்டுல ஒரு கம்பெனியும் ஃபிரான்ஸ்ல ஒரு கம்பெனியும் புதுசா தயாரிக்கிறாங்க. ஆனா புது பிளேயர் பெரும்பாலானதுல உள்ள ஓடுற மெஷின் ஒரே மாதிரி சின்ன மலிவு மெஷின், டால்பியும் கிடையாது. பெல்ட் மாத்தின ஒரு பழைய டெக்கு இது எல்லாத்தையும் ஒரு கையால தள்ளிடும், என் கருத்து. உங்ககிட்ட பழைய கேசட்டே இல்ல, சும்மா அழகுக்கு வேணும்னா 9,300 ரூவாய்க்கு வேற எவ்வளவோ இருக்கு. ஆனா பரண் மேல ஒரு அட்டைப்பெட்டி இருந்து, அதுல யாரோ கைப்பட எழுதின கேசட் நாலு இருந்தாலும், மெக்கானிக் ஒருத்தரு கிடைச்சதும் வாங்கிடுங்க. வாங்கின கையோட கம்ப்யூட்டர்ல இழுத்து வச்சுடுங்க, டெக்கோட லைன் அவுட்லேருந்து ஒரு ஒயர், ஆடாசிட்டின்னு ஒரு இலவச சாஃப்ட்வேர், அது போதும். நான் இதுவரைக்கும் 31 இழுத்திருக்கேன்.

ஐயய்யோ, ஒண்ண மறந்துட்டேன். கேசட்டு முதுகுல ரெண்டு மூலையிலயும் சின்னதா பிளாஸ்டிக் காது இருக்கும், அத உடைச்சுட்டா ரெக்கார்டு பட்டன் வேலை செய்யாது, கம்பெனி கேசட்டுல எல்லாம் அந்த காது இல்லாமதான் வரும். வீட்டுல பதிஞ்சதுக்கு நாமதான் உடைக்கணும். மாமா எதுக்குமே உடைக்கல, சிக்கனம், எப்ப வேணா மேல பதியலாமேன்னு. போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை நான் காபி எடுக்க சமையல்கட்டுக்கு போன நேரத்துல மகன், ஒம்பது வயசு, சிவப்பு பட்டன் எதுக்குன்னு பாத்திருக்கான். நல்லவேளை மைக் சொருகல, ஆம்ப்ளிஃபயர் பக்கம் என்ன ஓடிட்டு இருந்துச்சோ அது போயி உக்காந்துடுச்சு. 1984 கேசட் ஒண்ணுல, பால்காரருக்கும் அம்மாச்சிக்கும் சண்டை முத்துற இடத்துல, இப்ப பதினோரு செகண்டு சிமெண்ட் விளம்பரம் இருக்கு. பால்காரர் என்ன பதில் சொன்னாருன்னு இனிமே யாருக்கும் தெரியாது, மாமாவுக்கும் ஞாபகம் இல்லையாம். அன்னைக்கு சாயங்காலமே பேனாக்கத்திய எடுத்துட்டு தரையில உக்காந்தேன், 78 கேசட்டு, ஆளுக்கு ரெண்டு காது, கட்டை விரலு இன்னும் மரத்துதான் கெடக்கு.